அமெரிக்காஸ் ஆர்மி 2.5-ஐ இன்றைய லினக்ஸில் ஓட்டுவது: முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவம் தன் செலவில் செய்து 2002 ஜூலை 4 அன்று இலவசமாக விட்ட, ராணுவ வீரராக ஆடும் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு இது. லினக்ஸுக்கென்றே தொகுக்கப்பட்ட கடைசிப் பதிப்பு 2.5, 2005-இல் வந்தது. அதற்கு மேல் லினக்ஸில் ஆடுவதற்கான பதிப்பு எதுவும் வரவில்லை. ஆகவே நாம் ஓட்டப்போவது இருபது வருடப் பழைய, மூல நிரல் கிடைக்காத, இன்றைய 64 பிட் கணினிகளுக்கு முந்தைய தலைமுறையான 32 பிட் நிரல். காசு வாங்காததால் இலவசம்; கட்டற்ற மென்பொருள் அல்ல. யாரும் அதைத் திருத்தித் தரப்போவதில்லை என்பதால், நம் கணினியைத்தான் அதற்கு ஏற்றபடி வளைக்க வேண்டும்.

என் கணினிகளில் ஏற்றிய பிறகு, வேறு சிலருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இடறுகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். விளையாட்டை முதலில் நிறுவிவிட்டு, ஓடவில்லையே என்று பிறகு ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள். அதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் 32 பிட் அடித்தளம், அடுத்து கிராஃபிக்ஸ், அப்புறம்தான் விளையாட்டு. ஒலியும் திரையும் கடைசி.

ஒரு விஷயம்: கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே சொல்லியிருக்கிறேன். அப்படியே நகலெடுத்து ஒட்ட முடியாது. அது நல்லதுதான். என்ன அடிக்கிறோம் என்று தெரியாமல் ஒட்டியதால் வந்த தொல்லைகளைத் தீர்க்கவே எனக்குப் பாதி நேரம் போனது.

1. எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. லினக்ஸுக்கென வந்த நிறுவியை நேரடியாக ஓட்டுவது ஒன்று. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் வைன் மூலம் விண்டோஸ் பதிப்பை ஓட்டுவது இன்னொன்று.

நேரடி வழியில் ஆரம்ப வேலை அதிகம். ஆனால் ஒருமுறை ஓடிவிட்டால் பழைய மடிக்கணினியிலும் லேசாக ஓடும், பிழை வந்தால் காரணமும் கட்டளை அடிக்கும் டெர்மினலில் தெளிவாகத் தெரியும். வைன் வழியில் ஆரம்பம் சுலபம். உங்கள் லினக்ஸ் 32 பிட் பொதிகளை (பேக்கேஜ்களை) அடியோடு கைவிட்டிருந்தால் உங்களுக்கு இருப்பதும் அந்த வழிதான். 32 பிட் லைப்ரரிகள் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்புகள்) இல்லாமலே 32 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் புது ஏற்பாடு 2024 ஜனவரியில் வந்த வைன் 9.0-இல் பயன்படுத்தும் அளவுக்குத் தேறிவிட்டது.

இரண்டையும் கலக்காதீர்கள். வைன் வழியில் பாதி போய், அந்த ஃபோல்டருக்குள்ளேயே லினக்ஸ் கோப்புகளைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிழை எதிலிருந்து வருகிறது என்று அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. இனி வருவது நேரடி வழிக்கானது.

2. கையில் இருக்க வேண்டியவை

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் வகையறாவில் ஒன்று. ஃபெடோரா, ஆர்ச் ஆட்களுக்கும் படிகள் இதேதான், பொதிகளின் பெயர்தான் மாறும். வட்டில் 5 ஜிபியாவது காலி இடம் வையுங்கள். நிறுவி தன்னைத் தற்காலிக ஃபோல்டரில் விரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும், அதனால் இடம் இரண்டு மடங்கு பிடிக்கும்.

நிறுவிக் கோப்பு, ரன் என்று முடியும் ஒற்றைக் கோப்பு. ராணுவத்தின் அதிகாரபூர்வ சர்வர்கள் 2022 மே 5-இல் மூடப்பட்டுவிட்டதால் இன்று ரசிகர்கள் பாதுகாத்து வைத்திருக்கும் நகல்கள்தான் கதி. இறக்கியவுடன் கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் எம்டி5 அல்லது ஷா கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். பாதியில் அறுந்த கோப்பும் தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். விரிக்கும்போது கடைசிக் கட்டத்தில்தான் கவிழும், அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும்.

வீட்டில் பிள்ளைகள் கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்: இதன் தரச்சான்று பதின்பருவத்தினருக்கானது, இதைச் செய்த நோக்கம் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பது. விளையாட்டு நன்றாக இருப்பதற்கும் அந்த நோக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.

3. இதற்கென்று தனிப் பயனர் கணக்கு

இந்தப் படியை எல்லாரும் தாண்டிக் குதிப்பார்கள். தாண்டாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத பழைய நிரல், முகம் தெரியாதவர்களின் சர்வரோடு பேசப்போகிறது. உங்கள் வங்கிக் கோப்பும் குடும்பப் படங்களும் இருக்கும் கணக்கில் அதை ஏன் ஓட்ட வேண்டும்? சாதாரண உரிமைகள் மட்டும் உள்ள ஒரு பயனரைப் புதிதாக உருவாக்கி, அதற்குள் நுழைந்து வேலையைத் தொடங்குங்கள்.

பழைய கையேடுகள் பல ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கில், நிறுவச் சொல்லும். அது அந்தக் காலத்துப் பழக்கம். ரூட்டாக ஒருமுறை ஓட்டிவிட்டால் அமைப்புக் கோப்புகள் சில ரூட் பெயரில் உருவாகிவிடும். பிறகு சாதாரணப் பயனராக ஓட்டும்போது அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் விளையாட்டு சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

4. 32 பிட் அடித்தளம்

முழு வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான்.

64 பிட் லினக்ஸில் 32 பிட் நிரல் தானாக ஓடாது. முதலில் பொதிகளைக் கையாளும் டிபிகேஜி கட்டளையில் ஆட்-ஆர்க்கிடெக்சர் என்று கொடுத்து, 32 பிட் வகையின் பெயரான ஐ386-ஐச் சேர்க்க வேண்டும். உடனே, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட். இந்த அப்டேட்டை மறந்தால், இருக்கிற பொதியையே இல்லை என்று ஆப்ட் சாதிக்கும். அதன் பிறகு லிப்சி6 (அடிப்படை), எஸ்டிஎல் 1.2 (திரை, விசைப்பலகை), ஓப்பன்ஏஎல் (ஒலி), எக்ஸ்11 (சாளரம்) லைப்ரரிகளை, ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் முக்காற்புள்ளி போட்டு ஐ386 என்று சேர்த்து நிறுவுங்கள். அந்த வாலை விட்டுவிட்டால் 64 பிட் பொதிதான் வரும். நிறுவியாகிவிட்டது என்றும் சொல்லும், விளையாட்டும் ஓடாது.

இந்தப் படியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தம்பியிடம் நேரில் பார்த்தேன். நிறுவிக் கோப்பு கண் முன்னால் ஃபோல்டரில் இருக்கிறது. ஓட்டினால், நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்கிறது டெர்மினல். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தான், கோப்பு இருந்தது. மறுபடி ஓட்டினான், மறுபடி இல்லை என்றது. பெயரில் எழுத்துப் பிழை என்று நினைத்து மாற்றி மாற்றிப் பத்துத் தடவையாவது அடித்திருப்பான். கடைசியில் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதை அழித்துவிட்டு மறுபடி இறக்க ஆரம்பித்தான்.

டெர்மினல் இல்லை என்று சொன்னது நிறுவியை அல்ல. நிறுவிக்குள் இருக்கும் 32 பிட் நிரலை ஏற்றிவிடும் எல்டி-லினக்ஸ் என்ற ஏற்றி கணினியில் இல்லை. அது லிப்சி6-இன் 32 பிட் பொதியோடு வருவது. செய்தியில் அந்தப் பெயர் வராததால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். கோப்பு இருக்கும்போதே இல்லை என்று வந்தால் இந்தப் படிக்குத் திரும்புங்கள்.

உபுண்டு 2019-இல் 32 பிட் ஆதரவை அறவே நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் தேர்ந்தெடுத்த பொதிகளை மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே உபுண்டுவில் ஒரு சில பொதிகள் கிடைக்காமல் போகலாம். டெபியனில் அந்தத் தொல்லை குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் டெபியனையே எடுங்கள் என்பேன்.

5. கிராஃபிக்ஸைச் சோதித்துவிட்டு நகருங்கள்

டெஸ்க்டாப் நன்றாகத் தெரிகிறது என்பதற்காக 32 பிட் கிராஃபிக்ஸும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. டெஸ்க்டாப் ஓடுவது 64 பிட் டிரைவரில். விளையாட்டுக்குத் தனியாக, படம் வரையும் ஓப்பன்ஜிஎல் லைப்ரரியின் 32 பிட் வடிவம் வேண்டும்.

இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு, கட்டற்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவின் 32 பிட் பொதிகளை ஏற்றினால் போதும். என்விடியாவின் சொந்த டிரைவர் என்றால் 32 பிட் பொதியின் எண்ணும் 64 பிட் டிரைவரின் எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் மேம்பட்டு மற்றது பழையதாக நின்றால் விளையாட்டு முகப்புக்கே வராது. நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கர்னலும் டிரைவரும் அப்டேட் ஆனதா என்றுதான்.

இங்கே ஒரு பழைய பேய் உண்டு. அன்ரியல் என்ஜின் 2-இல் செய்த இந்த விளையாட்டின் படங்கள் எஸ்3டிசி என்ற முறையில் சுருக்கப்பட்டவை. அதற்குக் காப்புரிமை இருந்ததால் மெசா அதைச் சேர்க்காமல் இருந்தது. அந்தக் காலத்தில் தனியாக ஒரு லைப்ரரியை ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டினார்கள். 2017 அக்டோபரில் காப்புரிமை காலாவதியானதும் மெசா 17.3-இல் அது உள்ளேயே வந்துவிட்டது. பழைய கையேட்டில் அந்த லைப்ரரியை இறக்கி நிறுவு என்று எழுதியிருந்தால் அதைச் செய்யாதீர்கள், இன்றைக்கு அது தேவையே இல்லை.

6. நிறுவியை ஓட்டுதல்

கோப்புக்கு ஓட்டும் அனுமதி கொடுங்கள். ஃபைல் மேனேஜரில் வலது சொடுக்கிப் பண்புகளில் டிக் போட்டாலும் சரி, டெர்மினலில் சிஎச்மாட் கட்டளை அடித்தாலும் சரி. பிறகு டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள். இரட்டைச் சொடுக்கில் ஓட்டினால் பிழைச் செய்தி உங்கள் கண்ணுக்கு வராமலே போய்விடும்.

நிறுவும் இடம் கேட்கும்போது அது சொல்லும் இடத்தை அப்படியே ஒத்துக்கொள்ளாமல், புதுப் பயனரின் ஹோமுக்குள் ஒரு ஃபோல்டரைக் கொடுங்கள். பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டாம். பழைய ஷெல் ஸ்கிரிப்ட் இரண்டையும் தாங்காது.

வண்ணத் திரை வராமல் வெறும் எழுத்தில் கேள்விகள் கேட்டால் பயப்பட வேண்டாம். நிறுவியின் வண்ணப் பகுதிக்கு வேண்டிய பழைய ஜிடிகே லைப்ரரி இன்று இல்லை, அதனால் எழுத்து முறைக்கு இறங்கிவிடுகிறது. வேலை ஒன்றுதான்.

அந்தக் கால நிறுவிகளில் சில, கோப்பின் கடைசிப் பகுதியைக் காட்டும் டெயில் கட்டளையைப் பழைய பாணியில் கூப்பிடும். டெயில் முனகிவிட்டு நின்றால், போசிக்ஸ்2 வெர்ஷன் என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) 199209 என்று மதிப்புக் கொடுத்து ஓட்டுங்கள். மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து, முன்னாலும் நடுவிலும் அடிக்கோடு. பழைய பாணியை ஏற்றுக்கொள் என்று டெயிலுக்குச் சொல்லும் எண் அது.

7. எது இல்லை என்று எல்டிடியைக் கேளுங்கள்

நிறுவியாயிற்று. உடனே ஓட்டாதீர்கள். விளையாட்டை நிறுவிய ஃபோல்டரில் உள்ள சிஸ்டம் என்ற ஃபோல்டருக்குள் போய் விளையாட்டின் முதன்மை நிரல்மீது எல்டிடி கட்டளையைக் கொடுங்கள். அந்த நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று வரிசையாகப் பட்டியல் வரும். நாட் ஃபவுண்ட் என்று நிற்கும் வரிகள் மட்டும்தான் உங்கள் வேலை.

பெரும்பாலும் அங்கே நிற்பது சி++ லைப்ரரியின் ஐந்தாம் பதிப்பு. இன்றைய கணினிகளில் இருப்பது ஆறாவது. புதியவர்கள் செய்யும் குறுக்குவழி, ஆறாவதுக்கு ஐந்து என்று பெயர் வைத்து ஒரு இணைப்பை உருவாக்குவது. எல்டிடி உடனே சமாதானமாகிவிடும். விளையாட்டு ஓடும்போதோ, சிம்பல் (லைப்ரரிக்குள் தேடும் பெயர்) கிடைக்கவில்லை என்று கீழே விழும். இரண்டுக்கும் உள்கட்டமைப்பே வேறு. உண்மையான ஐந்தாம் பதிப்பின் 32 பிட் பொதிதான் வேண்டும். உங்கள் களஞ்சியத்தில் இல்லையென்றால் டெபியனின் பழைய வெளியீட்டுக் காப்பகத்திலிருந்து எடுத்து, அந்த ஒரு கோப்பை மட்டும் சிஸ்டம் ஃபோல்டருக்குள் வையுங்கள். ஏற்றி அந்த ஃபோல்டரையும் பார்க்க வேண்டும் என்பதால் எல்டி லைப்ரரி பாத் என்ற மாறியில் அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். கணினியின் பொது லைப்ரரி ஃபோல்டரில் கொட்டாதீர்கள். அங்கே கொட்டினால் அடுத்த அப்டேட்டில் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

எஸ்டிஎல் 1.2 கதை வேறு. இப்போதைய பல லினக்ஸ்களில் அந்தப் பெயரில் இருப்பது எஸ்டிஎல்12-காம்பேட் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு, அதை விளையாட்டு ஏற்றுக்கொள்ளும். அதைத் தொடங்கியவர் ரையான் கோர்டன். இந்த விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

8. முதல் ஓட்டம்

இதுவும் டெர்மினலிலிருந்துதான். விளையாட்டு விழுந்தால் கடைசி நாற்பது வரியையும் பார்த்து மலைக்க வேண்டாம். மேலிருந்து வந்து முதலில் தென்படும் பிழை வரியைப் படியுங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம் அந்த ஒன்றின் எதிரொலி.

கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் நிரலைக் கொல்லலாம். பவர் பட்டனை அழுத்த வேண்டாம்.

9. ஒலி

படம் வருகிறது, சத்தம் வரவில்லை என்றால் ஏறக்குறைய வெற்றிதான். விளையாட்டு தன்னோடு கொண்டுவந்த பழைய ஓப்பன்ஏஎல், இன்று வழக்கொழிந்த ஓஎஸ்எஸ் ஒலிக் கருவியைத் தேடிக்கொண்டிருக்கும். சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள அந்த ஓப்பன்ஏஎல் கோப்புக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, கணினியின் 32 பிட் ஓப்பன்ஏஎல்லுக்கு அதே பழைய பெயரில் ஒரு இணைப்பு உருவாக்குங்கள்.

சி++ லைப்ரரியில் கூடாதென்ற இணைப்பு வேலை இங்கே எப்படிச் செல்லும்? ஓப்பன்ஏஎல்லின் வெளிமுகம் அன்றிலிருந்து மாறவில்லை, உள்ளே மட்டும்தான் மாறியிருக்கிறது. அழிக்காமல் பெயரை மாற்றச் சொல்வதற்கும் காரணம் உண்டு: 64 பிட் லைப்ரரியை இணைத்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் அதிகம்.

10. திரையளவும் மவுஸும்

பழைய விளையாட்டு அகலத் திரையை எதிர்பார்க்காது. முழுத்திரையில் தொடங்கி மானிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எதுவுமே தெரியாது. முதலில் சாளரத்துக்குள் ஓட்டுங்கள், எல்லாம் சரியான பிறகு முழுத்திரை.

மெனுவில் வராத அளவுகளை ஆர்மிஆப்ஸ் ஐஎன்ஐ கோப்பில் கையால் எழுதலாம். இங்கே ஒரு கண்ணி: அகலம், உயரம் என்ற வரிகள் அதில் இரண்டு பிரிவுகளில் இருக்கும். வின்டிஆர்வி என்று தொடங்கும் பிரிவு விண்டோஸுக்கானது. லினக்ஸ் படிப்பது எஸ்டிஎல்டிஆர்வி பிரிவை. மேலே இருப்பதை மாற்றிவிட்டு, சேமிக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்கள். இன்னொன்று, விளையாட்டு மூடும்போது அந்தக் கோப்பை மறுபடி எழுதும். ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தினால் உங்கள் திருத்தம் போய்விடும்.

மவுஸ் வழுக்கினால் டெஸ்க்டாப் அமைப்பில் மவுஸ் முடுக்கத்தை அணைத்துப் பாருங்கள்.

11. பயிற்சியைச் சோதனைக்கூடமாக வையுங்கள்

ஆன்லைனுக்குப் போகும் முன் பயிற்சிப் பகுதியை ஆடச் சொல்வது விளையாட்டுக்காக மட்டுமல்ல. கணினிக் கோளாறு எது, நெட்வொர்க் கோளாறு எது என்று இங்கேதான் பிரித்துப் பார்க்க முடியும்.

துப்பாக்கிப் பயிற்சித் திடலில் எம்16ஏ2-வால் 40 இலக்குகளைச் சுட வேண்டும். 23 அடித்தால் தேர்ச்சி. 36 அடித்தால் தொலைகுறிச் சுடுநர் (ஸ்னைப்பர்) பயிற்சிக்குத் தகுதி. தூரத்து இலக்கு நிமிர்ந்து நிற்கும் சில நொடிகளுக்குள் குறி தத்தளித்தால் அது உங்கள் கை அல்ல, மவுஸ் அமைப்பு; போன படிக்குத் திரும்புங்கள். பயிற்சியாளரின் அதட்டல் திக்கித் திக்கி வந்தால் ஒலிப் படிக்குத் திரும்புங்கள். எல்லாம் சரியாக இருந்தும் 20-ஐத் தாண்டவில்லை என்றால் படுத்து, மூச்சு அசைவைக் கவனித்து, ஒவ்வொன்றாகச் சுடுங்கள். நின்றபடி சரமாரியாகச் சுடும் பழக்கம் மற்ற விளையாட்டுகளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது.

வேடிக்கைக்குப் பயிற்சியாளரைச் சுட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. திரை மாறி, லெவன்வொர்த் ராணுவச் சிறைக் கொட்டடிக்குள் நிற்பீர்கள். அது பிழையல்ல. அப்படி நின்றபோது விளையாட்டு தொங்கிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டவர் ஒருவர் இருக்கிறார்.

மருத்துவப் பயிற்சியில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு கேள்விகளுக்கு விடை தர வேண்டும். விசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததில் என் மடிக்கணினி பாதிப் பாடத்தில் திரையைப் பூட்டிக்கொண்டது. பூட்டைத் திறந்தால் மவுஸ் விளையாட்டுக்குள் திரும்பவில்லை, முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. திரைப்பூட்டை முன்கூட்டியே நிறுத்தி வையுங்கள்.

12. ஆன்லைனில்

பழைய அதிகாரபூர்வக் கணக்கு இருந்தாலும் இப்போது செல்லாது. 2.5 பதிப்பை உயிரோடு வைத்திருப்பது 2.5 அசிஸ்ட் என்ற ரசிகர் முயற்சி. அங்கே புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டும். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

சர்வர் பட்டியல் வெறுமையாக வந்தால் ஃபயர்வாலை அணைக்க ஓடாதீர்கள். பழைய முகவரியைத்தான் விளையாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். பயிற்சி ஓடுகிறது, பட்டியல் மட்டும் வரவில்லை என்றால் 4 முதல் 10 வரை உள்ள எந்தப் படியையும் தொட வேண்டியதில்லை.

உள்ளே போனதும் குழப்பும் விஷயம் ஒன்று. இரண்டு அணியும் தன்னை அமெரிக்க வீரராகவும் எதிரணியை எதிரியாகவும் பார்க்கும். உங்கள் திரையில் எதிரியாகத் தெரிகிறவர் திரையில் எதிரி நீங்கள். சீருடையைப் பார்த்து அவசரப்பட்டு, முன்னால் ஓடும் சொந்த ஆளைச் சுட்டால் புள்ளி குறையும், தொடர்ந்தால் சர்வர் வெளியே தள்ளும். செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை காத்திருக்க வேண்டும், உடனே மறுபிறப்பு கிடையாது.

13. ஓடியதும் செய்ய வேண்டியது

விளையாட்டு ஃபோல்டர், ஹோமில் அது உருவாக்கிய மறைந்த அமைப்பு ஃபோல்டர், நீங்கள் தேடி வைத்த சி++ லைப்ரரி, மூன்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி வெளி வட்டில் போடுங்கள். எந்தப் பொதிகளை ஐ386-ஆக நிறுவினீர்கள் என்ற பட்டியலையும் ஒரு உரைக்கோப்பில் எழுதி அதோடு சேருங்கள். அடுத்த முறை லினக்ஸை மாற்றும்போது 4, 5 படிகளைச் செய்துவிட்டு டாரை விரித்தால் விளையாட்டு எழுந்துகொள்ளும். ஓப்பன்ஏஎல் இணைப்பு மட்டும் புது முகவரியைக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.